அந்தச் சுவர்களில் யாருக்கு இடம்?

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வரையும் மனிதர்கள் கன்னங்கரேலென்று இருப்பார்கள். மாநிறம், பழுப்பு, காப்பி நிறம் என்ற சமாதானங்களுக்கு அவரிடம் இடமே கிடையாது. முகம், கழுத்து, கை, கால் எல்லாமே கறுப்பு. அப்படி ஒரு படத்தை மட்டும் எங்காவது பார்த்தால், வித்தியாசமாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கிட்டத்தட்ட 80 படைப்புகளை ஒரே கூரையின்கீழ் வைத்துக் காட்டினால் அப்படி நகர்ந்துவிட முடியாது. நியூயார்க்கில் 'மாஸ்ட்ரி' கண்காட்சியைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நடந்தது.

ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பை ஆரம்பம் முதல் இன்றுவரை வரிசையாக மாட்டிக் காட்டுவதை ரெட்ரோஸ்பெக்டிவ் என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்வது பெரும்பாடு. படங்கள் பல ஊர் அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொருவரிடமும் பேசி, இரவல் வாங்கி, காப்பீடு செய்து, பெட்டி கட்டி, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 'மாஸ்ட்ரி' 2016 ஏப்ரலில் சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அக்டோபரில் நியூயார்க்கின் மெட் பிரூயருக்கு வந்தது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய் 2017 ஜூலையில் முடிந்தது. சிகாகோ அவர் வாழும் ஊர், லாஸ் ஏஞ்சலிஸ் அவர் வளர்ந்த ஊர். மெட் பிரூயர் என்பது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் நவீனக் கலைக்காகச் சில ஆண்டுகள் நடத்திய கிளை. மேடிசன் அவென்யூவில் கருங்கல் போர்த்திய கனத்த கட்டடம்.

மார்ஷல் 1955இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963இல் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அதே 1963 செப்டம்பரில்தான் பர்மிங்ஹாமில் கறுப்பர்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1965 ஆகஸ்டில், கலவரத்தில் வாட்ஸ் பற்றி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். பத்து வயது நிறைவதற்குள் இப்படி இரண்டு ஊர்களின் வரலாற்றுக்குள் இருந்த பிள்ளை அவர்.

அந்தப் பிள்ளைக்குப் படம் வரைவதில் தீராத ஆசை. பள்ளிப் பருவத்திலேயே ஓட்டிஸ் கலைக் கல்லூரிக்குப் போய், அங்கே ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் ஒயிட்டின் ஓவியக்கூடத்தைப் பார்த்தார். ஒயிட் கறுப்பின மக்களைக் கம்பீரமும் பரிவுமாக வரைந்த பெரும் ஓவியர். பாதி முடிந்த படங்கள் அங்கே கிடந்தன. ஓவியம் என்பது மனிதர் ஒருவர் உட்கார்ந்து, அழித்து, திருத்திச் செய்கிற வேலை என்பது அந்தச் சிறுவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. படித்தால் இவரிடம்தான் படிப்பது என்று முடிவுசெய்து, அப்படியே ஓட்டிஸில் சேர்ந்து, 1978இல் பட்டம் பெற்றார்.

சின்னஞ்சிறு படம் ஒன்று

மார்ஷலின் பெரும்பாலான படங்கள் சுவரை அடைத்து நிற்பவை. ஆனால் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த படம் ஒரு புத்தகத்தைவிடப் பெரிதில்லை. எட்டு அங்குல உயரம், ஆறரை அங்குல அகலம். 1980இல் தாளில் முட்டைக்கரு டெம்பராவில் வரைந்தது. தலைப்பு நீளமானது: 'தன் முன்னாள் உருவத்தின் நிழலாக ஓவியன்'. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, கறுப்பு முகம், பின்னணியும் கறுப்பையொட்டிய இருள். வெள்ளையாகத் தெரிவது கண்களும் சட்டையின் முக்கோணமும் ஒரு பல் விழுந்த சிரிப்பும் மட்டும்தான்.

ரால்ஃப் எலிசன் 1952இல் வெளியிட்ட 'இன்விசிபிள் மேன்' நாவலைப் படித்த தாக்கத்தில் வந்த படம் இது. கண்ணெதிரே நிற்கும் கறுப்பு மனிதனைச் சமூகம் பார்க்க மறுப்பதுதான் அந்த நாவலின் மையம். ஒருவன் இருக்கிறான், ஆனால் காணப்படுவதில்லை. இந்த நிலையை ஓவியத்தில் எப்படிக் காட்டுவது? கறுப்பின்மேல் கறுப்பை வைத்தார் மார்ஷல். அந்தச் சிரிப்பில் பழைய கேலிச் சித்திரங்களின் சாயல் இருக்கிறது. அமெரிக்கப் பொழுதுபோக்கு உலகம் கறுப்பர்களை எப்படிப் பல்லிளிக்க வைத்து வேடிக்கை பார்த்ததோ, அந்த முகம். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதிலிருந்துதான் அவர் தொடங்குகிறார். பிறகு அடுத்தடுத்த அறைகளில், அதே கறுப்பைக் கொண்டு, அந்தக் கேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எறிகிறார்.

அந்தக் கறுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் கறுப்பு வண்ணங்களில் மூன்றை அவர் எடுத்துக்கொண்டார்: ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக். முதலாவது எலும்புக் கரியிலிருந்து வருவது. இரண்டாவது புகைக்கரி. மூன்றாவது இரும்பு ஆக்சைடு. மூன்றுக்கும் மூன்று சாயல். இவற்றோடு கோபால்ட் நீலம், குரோமியம் பச்சை, ஊதா ஆகியவற்றைக் கலந்து இன்னும் பல கறுப்புகளை உண்டாக்கினார். படத்தின் அருகே போனால்தான் இது தெரியும். மூக்கின் விளிம்பு ஒரு கறுப்பு, கன்னம் இன்னொரு கறுப்பு, கழுத்தின் மடிப்பு மூன்றாவது கறுப்பு. ஒளி படும் இடங்களைக் காட்ட வெள்ளை கலந்து வெளிறச் செய்யும் வழக்கமான வழியை அவர் தொடவில்லை. கறுப்பை ஒளியில்லாத வெற்றிடமாக எண்ணாமல், முழுமையான வண்ணமாக நடத்தினார். புகைப்படத்திலும் கைபேசித் திரையிலும் இந்த வேறுபாடுகள் ஒன்றாகிவிடும். அவர் படங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

சலூனும் மலர்த்தோட்டமும்

1993இல் வரைந்த 'டி ஸ்டைல்' ஒரு சலூன் காட்சி. அகலம் பத்து அடிக்கு மேல். கண்ணாடி, பாட்டில்கள், நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர், சிற்பம்போல் எழும்பி நிற்கும் தலைமுடிகள். முடிதிருத்துபவரின் கை ஆசீர்வதிப்பதுபோல் உயர்ந்திருக்கிறது. மாதா கோவில் ஓவியங்களில் புனிதர்களுக்குக் கொடுக்கும் பாவனை அது. சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் டச்சு ஓவியர் மோன்ட்ரியானை ஞாபகப்படுத்தும். அமெரிக்கக் கறுப்பர்களின் தெருக்களில் சலூன் என்றால் முடிவெட்டும் இடம் மட்டுமில்லை. அரசியல் பேசுவது, வம்பளப்பது, இளைஞர்கள் பெரியவர்களைப் பார்த்து நடை உடை பழகுவது எல்லாம் அங்கேதான். ஐரோப்பாவில் போர்க்களத்துக்கும் முடிசூட்டு விழாவுக்கும் ஒதுக்கப்பட்ட அளவில் அந்தச் சலூனை வரைந்து வைத்தார் மார்ஷல். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி அருங்காட்சியகம் உடனே வாங்கிக்கொண்டது. பெரிய அருங்காட்சியகம் ஒன்று வாங்கிய அவருடைய முதல் பெரிய படைப்பு அது.

அடுத்து வந்தது 'கார்டன்' வரிசை, 1994-95. அரசு கட்டிய ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் பெயர் 'கார்டன்ஸ்' என்று முடிவதை அவர் கவனித்தார். நிக்கர்சன் கார்டன்ஸ், ராக்வெல் கார்டன்ஸ், ஸ்டேட்வே கார்டன்ஸ் இப்படி. அவர் குடும்பம் வாட்ஸில் குடியேறியதும் நிக்கர்சன் கார்டன்ஸில்தான். செய்திகளில் இந்தப் பெயர்கள் அடிபட்டாலே கொலை, போதைப்பொருள், போலீஸ் என்றுதான் இருக்கும். அவர் அங்கே குழந்தையாக ஓடித் திரிந்தவர். மக்கள் அங்கே சந்தோஷமாகவும் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

'மெனி மேன்ஷன்ஸ்' படத்தில் மூன்று ஆண்கள் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்துகொண்டு மண்வெட்டியோடு பூச்செடி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் செல்லோபேன் தாள் சுற்றிய ஈஸ்டர் கூடைகள். பின்னால் ஸ்டேட்வே கார்டன்ஸின் கட்டடங்கள். நீலப் பறவைகள் வாழ்த்து நாடா ஒன்றைத் தூக்கிப் பறக்கின்றன. கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டாமல், ஓரங்களில் வளையம் அடித்து, பேனர்போலச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். படத்தில் ஆங்காங்கே வெள்ளைத் தீற்றல்களும் வழிந்த கறைகளும் உண்டு. இனிமையையே ஊட்டிவிட்டு நம்மை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. அதேசமயம் அந்தப் பூக்களை நையாண்டியாகவும் வரையவில்லை. சிகாகோவின் ஸ்டேட்வே கட்டடங்கள் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டன. அந்த மக்கள் ஈஸ்டர் ஞாயிறுக்குத் தோட்டம் போட்டார்கள் என்பதைச் சொல்ல இன்று சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இந்தப் படம் இருக்கிறது.

ஓய்வு எடுக்கும் உரிமை

நான் வெகுநேரம் நின்ற படம் 'பாஸ்ட் டைம்ஸ்', 1997. பதின்மூன்று அடி அகலம். ஏரிக்கரையில் புல்வெளி. வெள்ளை உடையில் ஒரு கறுப்புக் குடும்பம். கட்டம்போட்ட விரிப்பில் சாப்பாட்டுக் கூடை. ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார், தண்ணீரில் ஒருவர் பலகைச் சறுக்கு விளையாடுகிறார், படகு சீறிக்கொண்டு போகிறது. ரேடியோக்களிலிருந்து பாட்டு நாடாநாடாவாக வெளியே வருகிறது. தூரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள். மூன்று பேர் நிமிர்ந்து நம்மையே பார்க்கிறார்கள்.

ஓவிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இரண்டு படங்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று, மானே 1863இல் வரைந்த புல்வெளி விருந்து. இன்னொன்று, ஸோரா 1880களில் வரைந்த ஞாயிற்றுக்கிழமைத் தீவு. இரண்டாவது படம் மார்ஷலின் சிகாகோவிலேயே தொங்குகிறது. நிதானமாகப் புல்லில் சாய்ந்து பொழுதைக் கழிப்பது வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியதுபோல ஓவிய வரலாறு முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பர்கள் வந்தால் வேலைக்காரராக, ஓரத்தில் பழத்தட்டு ஏந்தியவராக, அல்லது சங்கிலியில் கட்டுண்டவராக வருவார்கள். மார்ஷலின் குடும்பம் எவருக்கும் சேவகம் செய்யவில்லை, எதற்காகவும் அழவுமில்லை. சும்மா இருக்கிறார்கள். அந்தச் 'சும்மா இருப்பது'தான் என்னைக் கட்டிப்போட்டது. துயரப்படும்போது மட்டும் ஒரு சமூகத்தைப் பார்ப்போம் என்பதும் ஒருவகைப் பாராமுகம்தான் என்று அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது விளங்கியது.

2012இல் வரைந்த 'ஸ்கூல் ஆஃப் பியூட்டி, ஸ்கூல் ஆஃப் கல்ச்சர்' இதன் அடுத்த படி. பெண்களின் அழகு நிலையம் ஒன்று, சிரிப்பும் பேச்சுமாக. தரையில் ஏதோ மஞ்சளாக இழுபட்டுக் கிடக்கிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் டிஸ்னி படத்து இளவரசியின் பொன்முடித் தலை. ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்தில் மண்டையோடு ஒன்று இதேபோல் இழுபட்டுக் கிடக்கும். சாவு எல்லோர் காலடியிலும் காத்திருக்கிறது என்பது அதற்குப் பொருள். இங்கே சாவுக்குப் பதில் வெள்ளை அழகின் இலக்கணம் காத்திருக்கிறது. பெரியவர்கள் யாரும் அதைச் சட்டைசெய்யவில்லை. ஒரு குழந்தை மட்டும் தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடம்தான். இந்தப் படம் இப்போது பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில், அவர் பிறந்த ஊரில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவர் வன்முறையைத் தவிர்த்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். 1930இல் இண்டியானாவின் மேரியன் நகரில் இரண்டு கறுப்பு இளைஞர்களைக் கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. அதைப் புகைப்படமெடுத்து நினைவுப் பொருளாகவே விற்றார்கள். 2002இல் மார்ஷல் அந்தப் புகைப்படத்தை எடுத்து, கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறச் செய்தார். கூட்டத்தில் நின்று கேமராவைப் பார்த்த மூன்று வெள்ளைப் பெண்களின் முகங்களை மட்டும் நகைப் பதக்கங்களுக்குள் வைத்தார். கொல்லப்பட்டவர்களின் உடல்களை மறுபடி காட்சிப்பொருளாக்க அவர் மறுத்துவிட்டார். வேடிக்கை பார்த்தவர்களை நாம் பார்க்கிறோம். 2015இல் வரைந்த போலீஸ்காரர் படமும் அப்படித்தான். சிகாகோ சீருடையில் கறுப்புக் காவலர் ஒருவர், தன் காரின்மேல் இடுப்பில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். நல்லவரா கெட்டவரா என்று படம் சொல்லித்தருவதில்லை. அந்தச் சீருடையின் சுமை முழுவதும் அவர் முகத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தோடு அவருக்கு உள்ள கணக்கு

கறுப்பர்களுக்கு இடம் தராத அருங்காட்சியகங்களைக் கண்டு கோபப்பட்டு வெளியேறிய கலைஞர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. மார்ஷல் வேறு வழியில் போனார். வெரோனேஸ், ஹோல்பைன், ஸோரா என்று பழையவர்களின் தொழில்நுட்பத்தைக் கரைத்துக் குடித்தார். வரலாற்று ஓவியம், உருவப்படம், நிலக்காட்சி என்று அவர்கள் கைவைத்த எல்லா வகைகளிலும் கைவைத்தார். கறுப்பு மனிதர்கள் நிறைந்த ஒரு படம், தரத்தைக் காரணம் காட்டி எவரும் ஒதுக்க முடியாதபடி, அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதே அவர் போட்ட கணக்கு. மெட் பிரூயரில் அவர் தேர்ந்தெடுத்த சுமார் 40 படைப்புகளை மெட்டின் சேகரிப்பிலிருந்து எடுத்துவந்து தனி அறையில் வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஓவியங்களும் ஆப்பிரிக்கச் சிற்பங்களும் கலந்த தேர்வு. தன் ஆசிரியர்களை அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்ததுபோல் இருந்தது.

இங்கேதான் ரெட்ரோஸ்பெக்டிவ் என்ற வடிவத்தின் பலம் தெரிகிறது. ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு கறுப்பு முகம் தொங்கினால் அது விதிவிலக்கு. பார்வையாளர் மனத்தில் 'இவர்களையும் சேர்த்திருக்கிறார்கள்' என்ற எண்ணம் வரும். இரண்டு தளங்கள் முழுக்க, அறை அறையாக, காதலர்கள், ஓவியர்கள், தாய்மார்கள், சிறுவர்கள், கலகக்காரர்கள் எல்லோரும் கறுப்பாக இருக்கும்போது அந்த எண்ணத்துக்கு வேலையில்லாமல் போகிறது. கொஞ்ச நேரத்தில் அது இயல்பாகிவிடுகிறது. அங்கிருந்து கிளம்பி மற்ற அருங்காட்சியகங்களுக்குப் போனால், அந்தச் சுவர்கள் எத்தனை நூற்றாண்டுகளாக ஒரே நிறத்தவரையே காட்டிவந்திருக்கின்றன என்பது கண்ணில் அறைகிறது.

விலையும் சொந்தமும்

'பாஸ்ட் டைம்ஸ்' படத்தை 1997இல் சிகாகோவின் மாநாட்டு மையத்தை நடத்தும் பொது அமைப்பு 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 மே மாதம் அதை சோதபிஸ் ஏலத்தில் விற்றபோது 2.11 கோடி டாலருக்குப் போனது. உயிரோடிருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த விலை. அந்த ஏலத்தில் மார்ஷலுக்கு ஒரு காசும் வரவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் அமெரிக்காவில் நடைமுறையில் இல்லை.

எனக்கு அதைவிட வலித்தது அடுத்து நடந்தது. 1995இல் சிகாகோ மாநகராட்சி மேற்குப் பகுதியின் லெக்லர் நூலகத்துக்காக மார்ஷலிடம் 10,000 டாலருக்கு ஒரு படம் வரைந்து வாங்கியிருந்தது. பெயர் 'நாலெட்ஜ் அண்ட் வொண்டர்'. பிரம்மாண்டமான புத்தகங்களையும் விண்வெளியையும் அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளைகளும் பெரியவர்களும். அந்த நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளே அந்தப் படத்தில் நிற்கிறார்கள். 'பாஸ்ட் டைம்ஸ்' விலையைப் பார்த்த மாநகராட்சி, 2018 இறுதியில் இதையும் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு அனுப்பத் தீர்மானித்தது. எதிர்பார்த்த விலை ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி டாலர். வரும் பணத்தில் அதே நூலகத்தை மேம்படுத்துவோம் என்றார்கள். மார்ஷல் வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே நகரத்துக்காக, சிகாகோவின் பண்பாட்டை உருவாக்கிய பெண்களைப் பற்றிய பெரிய சுவரோவியம் ஒன்றை ஒரே ஒரு டாலர் கூலிக்கு வடிவமைத்துக் கொடுத்திருந்தார். எதிர்ப்பு வலுத்ததும் மேயர் ராம் இமானுவேல் ஏலத்தை நிறுத்தினார்.

இந்த விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நூலகத்துக்குக் கூரை வேண்டும், கணினி வேண்டும், எல்லாம் சரி. அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொந்தமான ஒரே உலகத்தரமான ஓவியத்தை விற்று, அவர்களுக்கே நாற்காலி வாங்கிக் கொடுப்பது நியாயமில்லை. செல்வந்தர் வசிக்கும் பகுதியில் இருக்கும் அருங்காட்சியகத்திடம் இப்படிக் கேட்க எவருக்கும் வாய் வராது. மார்ஷலின் படங்கள் கோடிகளைத் தொட்ட பிறகு, பொது நிறுவனங்கள் அவற்றைப் புதிதாக வாங்குவது கடினமாகிவிட்டது. ஏற்கெனவே கையில் இருப்பதைக் காப்பாற்றுவதும், இன்னும் பெயர் தெரியாத இளைஞர்களிடம் இன்றே வாங்குவதும்தான் அவர்கள் செய்யக்கூடியது. 10,000 டாலரில் சிகாகோ 1995இல் அதைத்தான் செய்தது. அந்தப் புத்திசாலித்தனம் அவர்களுக்கே மறந்துபோனது.

மார்ஷல் பொது இடங்களை மறக்கவில்லை. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதிகள் லீ, ஜாக்ஸன் இருவரையும் போற்றும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் 1953 முதல் இருந்தன. 2017இல் அவற்றை அகற்றினார்கள். அந்த இடத்துக்கு நீதி கேட்டு ஊர்வலம் போகும் கறுப்பின மக்களை வடிவமைத்துக் கொடுத்தவர் மார்ஷல். 2023 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். அவர் வாங்கிய கூலி 18 டாலர் 65 சென்ட். அந்தத் தொகைக்கு ஒரு காரணம் உண்டு: அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்.

2025 செப்டம்பரில் லண்டன் ராயல் அகாடமியில் 'தி ஹிஸ்டரிஸ்' என்ற பெரிய கண்காட்சி தொடங்கியது. அடுத்த மாதம் அவருக்கு 70 வயது நிறைந்தது. அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கர்களுக்கும் இருந்த பங்கைப் பேசும் புதிய படங்களை அங்கே வைத்தார். தன் மக்களுக்கு வசதியான கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க அவர் இந்த வயதிலும் உடன்படவில்லை. கறுப்பர்கள் முழு மனிதர்கள் என்றால் அவர்களின் வரலாற்றில் குற்றங்களும் இருக்கும். அதையும் வரைந்தால்தான் படம் முழுமையாகும்.

உங்களில் பலர் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், பலர் வேலை நிமித்தம் போய்வருகிறீர்கள். வாஷிங்டன் போனால் தேசிய ஓவியக் கூடத்தில் மார்ஷலின் 'கிரேட் அமெரிக்கா' இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. அட்லாண்டிக் கடலைக் கடந்த அடிமைக் கப்பல் பயணத்தைப் பொழுதுபோக்குப் பூங்காவின் படகுச் சவாரியாக அவர் மாற்றி வரைந்த படம் அது. சிகாகோ போனால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் ஸோராவையும் மார்ஷலையும் ஒரே நாளில் பாருங்கள். எங்கே பார்த்தாலும் முதலில் தள்ளி நின்று பாருங்கள், பிறகு காவலர் அனுமதிக்கும் தூரம்வரை கிட்டே போங்கள். ஒரே கறுப்பாகத் தெரிந்த முகம் ஏழெட்டுக் கறுப்புகளாகப் பிரிவதை உங்கள் கண்ணே கண்டுபிடிக்கும். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். சுவரில் யார் யார் இருக்கலாம் என்பதை அவர்கள் மனது முடிவுசெய்வது அந்த வயதில்தான்.